நூற்று முப்பத்தொன்று அடித்தவன்

பார்ப்பது மட்டும்தான் நம் வேலை என்று உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். சிட்னியிலும் மெல்பர்னிலுமாக ஏழெட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் இந்த ஆள் பார்க்கும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டபோது சந்தோஷப்பட்டேன். நான் இந்த வேலையில் இருந்து ஓய்வுபெற்று ஒரு வருடமாகிறது. அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் கண்டுபிடித்துச் சொல்லி, பிறகு பெரிய ஆளாக வந்தவர்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை அங்கே போகவில்லை. கண்டுபிடித்த பிறகு வேண்டாம் என்று சொன்ன ஒருவனிடமே போகிறது.

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அது ஏன் வந்தது என்று சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். இங்கிலாந்தின் உள்ளூர்க் கிரிக்கெட்டில் கோடையின் நல்ல நாட்களையெல்லாம் இருபது ஓவரும் அதைவிடக் குறுகிய ஆட்டங்களும் எடுத்துக்கொண்டன. நான்கு நாள் ஆட்டங்கள் கோடையின் இரண்டு ஓரங்களுக்கும் தள்ளப்பட்டன. ஏப்ரல் மாதக் குளிரில், ஈரமான ஆடுகளத்தில் எழுபது மைல் வேகத்தில் போடுகிறவனைக்கூட அடிக்க முடியாது என்பார்கள். அங்கே ஒருவன் குவிக்கும் ஓட்டங்களை நம்பி அவனை மெல்பர்னில் டெஸ்ட் ஆட அனுப்பலாமா? அனுப்பிப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அதனால் வளரும் துடுப்பாட்டக்காரர்கள் குளிர்காலத்தில் இங்கே வந்து, நம் சனிக்கிழமைக் கிளப் ஆட்டங்களில் ஆடுகிறார்கள். அவர்களை ஒருவருக்கும் தெரியாமல் பார்த்து எழுதி அனுப்ப நம்மைப் போல் சிலர் தேவைப்பட்டார்கள். ஒரு நாட்டின் அணியை இன்னொரு நாட்டின் பூங்காக்களில் இருந்து பொறுக்கும் காலம் இது. சரியா பிழையா என்று நான் சொல்ல வரவில்லை.

என்னை இந்த வேலைக்கு எடுத்த பெரியவர் மெல்பர்ன்காரர். முதல் நாளே சொன்னார்: ஆட்டக்காரனோடு பேசாதே. எல்லைக் கயிற்றைத் தாண்டாதே. நீ அங்கே இருப்பது அவனுக்குத் தெரிந்தால் நீ பார்ப்பது அவனை அல்ல, உனக்காக ஆடும் வேறொருவனை. நல்ல விதி. இருபது வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் அதை மீறினேன்.

அவனுக்கு ரூபர்ட் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இருபத்துமூன்று வயது, தொடக்க ஆட்டக்காரன். மெரிலேண்ட்ஸ் பக்கத்தில் ஒரு கிளப்புக்கு ஆடினான். அந்த டிசம்பரில் இங்கிலாந்து அணி இங்கே சுற்றுப்பயணத்தில் இருந்தது. மெல்பர்ன் டெஸ்டுக்குச் சில நாட்களே இருக்கையில் அவர்களுடைய தொடக்க ஆட்டக்காரர் ஒருவருக்கு விரல் முறிந்தது. லண்டனில் இருந்து ஆளை வரவழைப்பதைவிட இங்கேயே இருக்கும் ஒருவனை எடுப்பது என்று முடிவானது. இரண்டு பெயர்கள் மிஞ்சின. ஒன்று ரூபர்ட். மற்றது மெல்பர்னில், கிரான்பர்ன் பக்கத்துக் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த இன்னொருவன். எங்கள் அறிக்கைகளை வாங்கும் தேர்வுக்குழு அம்மா, அணியோடு மெல்பர்னில் இருந்தார். அந்தச் சனிக்கிழமை காலையில் தொலைபேசியில் கூப்பிட்டார். "இன்றைக்கு இரண்டு பேரும் ஆடுகிறார்கள். ஐந்து மணிக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும். ஆம் அல்லது இல்லை. விளக்கம் பிறகு."

அன்று நீலமலைப் பக்கம் காட்டுத்தீ. புகை மேற்குச் சிட்னி முழுக்க இறங்கியிருந்தது. காற்றில் மாசு அளவுக்குள் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நடுவர்கள் ஆட்டத்தை ஆரம்பித்தார்கள். சூரியன் செம்புத் தட்டுப்போலத் தொங்கியது; கண் கூசாமல் நேரே பார்க்க முடிந்தது. மரங்களில் ஒரு பறவையும் சத்தம் போடவில்லை. மைதானத்தின் மறுபக்கத்தில் நின்ற களத்தடுப்பாளர்கள் இருப்பதும் இல்லாததுமாகத் தெரிந்தார்கள். பார்க்க வந்தவர்கள் என்னோடு சேர்த்து எட்டோ ஒன்பதோ பேர். நான் ஓட்டப்பதிவாளர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

அந்த மேசையில் இருந்தவள் நிவேதா. கோயம்புத்தூர்ப் பிள்ளை. பரமட்டாவில் ஒரு கணினி நிறுவனத்தில் மென்பொருளைச் சோதித்துப் பிழை பிடிக்கும் வேலை. சனிக்கிழமைகளில் கணவருடைய கிளப்புக்கு ஓட்டம் பதிவு செய்வாள். நான் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரன், பொழுதுபோகாமல் வருகிறவன் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

மதிய உணவுக்குப் பிறகு ரூபர்ட் பதினொரு ஓட்டத்தில் இருந்தபோது உயரமான இடக்கைப் பந்துவீச்சாளர் ஒருவரின் பந்து எகிறி அவன் தலைக்கவசத்தின் பக்கவாட்டில் அடித்தது. பெரிய சத்தம் இல்லை. விழவும் இல்லை. ஒரு முழங்காலை ஊன்றி எழுந்து சிரித்தான். கிளப் மேலாளர் ஓடிப்போய்ப் பெயர், கிழமை, எதிரணி எல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியான பதில். தலைக்கவசத்தை மாற்றிக்கொண்டு நின்றான்.

அதன் பிறகு அவன் ஆடியதைப்போல ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பந்து வந்து சேரும் வரை அசையவே மாட்டான். கடைசி நொடியில், கண்ணுக்குக் கீழே, துடுப்பு வந்து தொடும். அடித்த சத்தம்கூடப் புகைக்குள்ளிருந்து சற்றுப் பிந்தித்தான் கேட்டது. அவசரம் இல்லை, ஆசை இல்லை, பயம் இல்லை. அவனுக்கு ஒரு பழைய குறை உண்டு: வெளியே போகும் பந்தைத் துரத்திப்போய்த் தட்டுவான். அன்று ஒன்றைக்கூடத் துரத்தவில்லை. என் கைபேசியில் எழுதி மெல்பர்னுக்கு அனுப்பினேன்: 'மாறிவிட்டான். இவன் வேறு ஆள்.' அந்தச் சொற்கள் இன்றைக்கும் என் கைபேசியில் இருக்கின்றன.

"அங்கிள், ஒண்ணு கவனிச்சீங்களா?" என்றாள் நிவேதா.

"என்ன பிள்ளை?"

"ஒவ்வொரு ஓவருக்கும் புதுசா கார்டு எடுக்கிறார், எங்க நிக்கிறதுன்னு நடுவர்ட்டக் கேட்டு கோடு போடுறார். இப்பதான் உள்ள வந்த மாதிரி. மொதல்ல அப்படிப் பண்ணல."

"சிலர் அப்பிடித்தான். கவனத்தை விடாமல் இருக்கிறதுக்குச் செய்யிறது" என்றேன்.

ஐம்பது அடித்தான். இருந்த எட்டுப் பேரும் கைதட்டினோம். அவனும் துடுப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் நின்ற தன் கூட்டாளியைப் பார்த்துக் கைதட்டினான். அடித்தது அவர் என்பதுபோல. கூட்டாளி சிரித்தார். நானும் சிரித்தேன். வெள்ளைக்காரர்களின் பகிடி சில நேரம் அப்படித்தான் இருக்கும்.

நிவேதா சிரிக்கவில்லை. பதிவேட்டின் ஓரத்தில் எதையோ குறித்துக்கொண்டாள்.

தேநீர் இடைவேளைக்குள் நூற்று நான்கு. அணியினர் எழுந்து நின்று வரவேற்றார்கள். அவன் எல்லாருக்கும் நடுவால் நடந்து, ஓட்டப்பதிவாளர் மேசைக்கு நேரே வந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. காலில் காப்புறை, கையில் துடுப்பு. குனிந்து மிக மரியாதையாக நிவேதாவிடம் கேட்டான்:

"எனக்கு எப்போது துடுப்பாட்டம்? என் முறை வர இன்னும் எத்தனை பேர்?"

அவள் அவனுடைய பெயருக்கு நேரே விரலை வைத்துக் காட்டினாள். அவன் பார்த்தான். "நல்ல ஆட்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

"பகிடி விடுறான் பிள்ளை" என்றேன். குரல் எனக்கே நம்பிக்கையாக ஒலிக்கவில்லை.

"இல்ல அங்கிள். அவர் கண்ணப் பாத்தீங்களா? என்னத்தான் பாத்தார், ஆனா என்னைப் பாக்கல." பதிவேட்டைத் திருப்பி ஓரத்தைக் காட்டினாள். ஐந்து குறிப்பு இருந்தது, நேரத்தோடு. "நான் டெஸ்டர். ஒரு தடவை வந்தா தற்செயல்னு விடுவேன். அஞ்சு தடவை வந்தா அது பிழைதான். யாராச்சும் சொல்லணும்."

அந்த நேரம் பார்த்து என் கைபேசி அடித்தது. மெல்பர்ன். கிளப்பின் நேரலைக் காணொளியை அவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்கள் பகுப்பாய்வுக்காரர்கள் மூக்கில் விரல் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்" என்றார் அம்மா. "இவ்வளவு பிந்தி, இவ்வளவு சுத்தமாகப் பந்தைத் தொடுகிறவன் எங்கள் பட்டியலிலேயே இல்லை. தலையில் பட்டதே, சரியாக இருக்கிறானா?"

பிள்ளைகளே, இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மைதானத்தில் மருத்துவர் இல்லை, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இருபது வருடமாகத் தேடிய இனிங்ஸ் கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. நான்தான் அதைக் கண்டுபிடித்தேன் என்ற பெருமை என் நெஞ்சுக்குள் ஏறியிருந்தது. "ஓம், நல்லாய் இருக்கிறான். ஆம் என்றே எழுதுங்கள்" என்றேன்.

"ஏழு மணி விமானத்துக்குப் பதிவு செய்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

இடைவேளை முடிந்து அவன் மறுபடி இறங்கினான். எதிரணித் தலைவர் அந்த உயரமான இடக்கையரைக் கூப்பிட்டுப் பந்தைக் கொடுத்தார். ஆறு ஓவர். ஒவ்வொரு பந்தும் அவன் நெஞ்சை, தோளை, தலையை நோக்கித்தான் வந்தது. ஒவ்வொன்றிலும் ரூபர்ட் ஒரு விரற்கடை நகர்ந்தான். பந்து காதோரம் போயிற்று, அல்லது எல்லைக் கோட்டுக்குப் போயிற்று. தலையில் ஒரு தடவை அடிபட்டவன் கொஞ்சமாவது பயப்படுவான். உடம்பு தானாகக் கூசும். இவனுடைய உடம்புக்கு அடிபட்டதே தெரியவில்லை. அங்கே நின்று ஆடுவதற்கு ஒருவன் இருக்கிறான். பயப்படுவதற்கு ஒருவன் இல்லை.

ஆறாவது ஓவரின் நடுவில் கையுறை மாற்ற வேண்டும் என்று சைகை காட்டிக்கொண்டு அவனே கயிற்றுப் பக்கம் வந்தான். புதிய கையுறையை எடுக்க ஒருவர் உள்ளே ஓடினார். ரூபர்ட் எனக்கு இரண்டு முழத் தூரத்தில் நின்று, பழையதைக் கழற்றி, விரல்களைக் குவித்து வாயால் ஊதினான். வெயில் முப்பத்தாறு பாகை. என் கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

முதல் விதியை அங்கே உடைத்தேன். "கை வியர்த்துப் போச்சா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"இல்லை. விரலே தெரியவில்லை, விறைத்துவிட்டது" என்றான். அன்பான முகம். "ஏப்ரல் என்றால் இப்படித்தான், என்ன? அடுத்த கிழமை சரியாகிவிடும்."

அவன் நின்றது சிட்னியில் அல்ல. இங்கிலாந்தில், பருவத்தின் முதல் ஆட்டத்தில், ஈர ஆடுகளத்தில், குளிருக்குள் நின்றிருந்தான். அதனால்தான் அவ்வளவு பிந்தி ஆடினான். ஏப்ரலில் அப்படித்தான் ஆட வேண்டும். நாங்கள் வியந்து வியந்து எழுதி அனுப்பியதெல்லாம், இல்லாத ஒரு மைதானத்தில் இல்லாத பந்துவீச்சை எதிர்த்து அவன் ஆடியது.

புதுக் கையுறை வந்தது. போட்டுக்கொண்டு நடுவுக்கு நடந்தான். புகைக்குள் அவன் முதுகு மங்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். நிவேதா என் பக்கம் திரும்பவே இல்லை. "அங்கிள், நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் போனேன். அறுபத்தெட்டு வயது, நோகிற முழங்கால். இடக்கையர் ஓடத் தொடங்கியிருந்தார். இரண்டு கையையும் தூக்கிக் கத்திக்கொண்டு ஓடினேன். பந்துவீச்சாளர் நின்றார். எல்லாரும் நின்றார்கள்.

"யார் நீங்கள்?" என்றார் நடுவர்.

சொல்லக் கூடாததைச் சொன்னேன். "இங்கிலாந்துத் தேர்வாளர்களுக்காக இவனைப் பார்க்க வந்தவன். இவனை வெளியே எடுங்கள். இவனுக்குத் தான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாது."

"நூற்று முப்பத்தொன்று அடித்திருக்கிறான், ஐயா" என்றார் எதிரணித் தலைவர். சிலர் சிரித்தார்கள்.

நடுவர் சிரிக்கவில்லை. ரூபர்ட்டின் தோளில் கை வைத்து, "தம்பி, இது எந்த ஊர்?" என்று கேட்டார்.

அவன் இங்கிலாந்தின் வடக்கே உள்ள ஒரு சிறிய ஊரின் பெயரைச் சொன்னான். சொல்லும்போதே எங்கள் முகங்களைப் பார்த்து ஏதோ சரியில்லை என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். மெதுவாக அண்ணாந்து பார்த்தான்.

"சூரியனுக்கு என்ன நடந்தது?" என்றான்.

பக்கத்தில் நின்றவன் நான். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான். "ஏன் எல்லாரும் என்னைப் பார்க்கிறீர்கள்? நான் இன்னும் ஒரு பந்துகூட ஆடவில்லையே."

பிறகு அவன் முழங்கால் மடங்கியது. நானும் நடுவருமாகப் பிடித்து இருத்தினோம்.

ஆம்புலன்ஸ் வர வெகுநேரம் ஆகவில்லை, வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். அவன் ஏறிய பிறகுதான் மெல்பர்னுக்கு அழைத்தேன். மணி ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

"அனுப்பாதீர்கள்" என்றேன்.

"ஒரு மணித்தியாலத்துக்கு முன் ஆம் என்றீர்கள்."

"பிழையாகச் சொல்லிவிட்டேன். பந்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன், ஆளைப் பார்க்கவில்லை." நடந்ததை எல்லாம் சொன்னேன், நிவேதா முதலிலேயே கண்டுபிடித்ததையும், நான் தட்டிக் கழித்ததையும் சேர்த்து.

"அப்படியென்றால் நாங்கள் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் மற்றப் பெயரை எழுதப் போய்விட்டார்.

மூளையில் சிறிய இரத்தக் கசிவு. இன்னொரு அடி பட்டிருந்தால் கதை வேறு என்று மருத்துவர் கிளப் மேலாளரிடம் சொல்லியிருக்கிறார். கிரான்பர்ன்காரன் மெல்பர்னில் ஆடினான். இரண்டு இனிங்ஸிலும் சொற்ப ஓட்டம். பிறகு அவனையும் எடுக்கவில்லை. இதற்கிடையில் ரூபர்ட்டின் காணொளி உலகெல்லாம் சுற்றியது. யாரோ ஒரு கிழவன் மைதானத்துக்குள் ஓடிவந்து இங்கிலாந்துக்கு ஒரு பெரிய ஆட்டக்காரனை இல்லாமல் செய்தான் என்று எழுதினார்கள். அந்தக் கிழவன் அதையெல்லாம் படித்தான். நான் ஆம் என்று சொன்னதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, ஏனென்றால் ஒருவருக்கும் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஐந்து கிழமை கழித்து ரூபர்ட் ஊருக்குத் திரும்புமுன் என்னைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டான். கிளப் அறையில், பகல் பதினொரு மணி. காணொளியைப் போட்டு, சத்தத்தை அணைத்துவிட்டு, என்னையும் பக்கத்தில் இருந்து பார்க்கச் சொன்னான். அடிபடுவதற்கு முன் காலையில் சாப்பிட்டது வரைதான் அவனுக்கு நினைவிருந்தது.

"இதோ பாருங்கள்" என்று நிறுத்திக் காட்டினான். "இந்தப் பந்தை நான் விடவே மாட்டேன். ஆறு வயதில் இருந்து துரத்துகிறேன். எத்தனை பயிற்சியாளர் சொல்லியும் கேட்காத கை. இவன் விடுகிறான்." காணொளியைப் பின்னால் ஓட்டி அதே பந்தை மறுபடி போட்டான். "நீங்கள் கிட்ட நின்று பார்த்தீர்கள். அவன் முகம் எப்படி இருந்தது?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். "சந்தோஷமாக இருந்தது" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். கணினியை மூடவில்லை. நான் விடைபெற்று வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோதும் திரையில் அந்த மற்றவன் ஆடிக்கொண்டிருந்தான். ரூபர்ட்டின் வலக்கால் கதிரைக்குக் கீழே அவனைப்போல நகரப் பழகிக்கொண்டிருந்தது.

அந்தக் காட்சிதான் மைதானத்தில் நடந்ததைவிட என்னை அதிகம் பயமுறுத்தியது. பயந்தபடியே நடந்தது. ஒரு பருவம் முழுக்க அவன் அந்த மனிதனாக ஆட முயன்றான். அசையாமல் நிற்பான், பந்து வந்து ஸ்டம்பை எடுத்துக்கொண்டு போகும். இங்கிலாந்தில் அவன் ஆடும் கவுண்டி கிளப் அவனை இரண்டாம் அணிக்கு இறக்கியது. நம் கணினிகளில் இன்றும் அவன் பெயரில் அந்த நூற்று முப்பத்தொன்றின் அளவுகள் இருக்கின்றன. நீக்கச் சொல்லி இரண்டு தடவை எழுதினேன். எண்கள் சரியாகத்தானே இருக்கின்றன என்று பதில் வந்தது. இனி நீங்கள் ஆள் எடுக்கப்போவது இப்படிப்பட்ட எண்களை வைத்துத்தான். அவை பொய் சொல்லாது. ஆனால் கயிற்றோரம் வந்து விரலை ஊதுகிறவனை அவற்றுக்குத் தெரியாது. நிவேதாவைப் போல ஒருவர் பக்கத்தில் இருந்து ஒன்றைச் சொன்னால், முதல் தடவையே காது கொடுங்கள். நான் ஐந்தாவது தடவைக்குப் பிறகும் காத்திருந்தேன்.

இந்த வருடம் ஒரு காலை மெரிலேண்ட்ஸ் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கும்போது தெரியாத எண்ணில் இருந்து அழைப்பு வந்தது. ரூபர்ட். அங்கே முன்னிரவாக இருந்திருக்க வேண்டும். முதல் அணியில் மறுபடி எடுத்திருக்கிறார்கள், அன்றைக்குத்தான் ஆடினான் என்றான்.

"எத்தனை?" என்று கேட்டேன்.

"ஒன்பது."

ஆனால் அவன் குரல் ஒன்பதுக்குரிய குரலாக இல்லை.

"முதலாவது ஒன்று, காலுக்குப் பக்கத்தால் தட்டியது" என்றான். "பிறகு ஒரு நான்கு, விளிம்பில் பட்டு ஸ்லிப்புக்கு மேலால் போனது. அதிர்ஷ்டம். பிறகு இரண்டு, கூட்டாளி திட்டத் திட்ட ஓடினது. பிறகு இன்னுமொரு இரண்டு. கடைசியாக வெளியே போன பந்தைத் துரத்திப் பிடி கொடுத்தேன். எல்லாம் நினைவிருக்கிறது" என்றான்.

"திரும்பவும் சொல்லு" என்றேன்.

முதலாவது ஓட்டத்தில் இருந்து மறுபடி தொடங்கினான்.